வாடைக்கு முன் நின்றவர்கள்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையின் பெயருக்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் தமிழ் பயின்றோர் பலரும் அறிந்ததே. தலைவனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் அரசிக்கு அந்த வாடை நெடியது. பாசறையில் வினைமேல் நிற்கும் அரசனுக்கு அதுவே நல்லது. ஒரே காற்றுக்கு இருவேறு அடைமொழிகள் பொருந்துவதைக் காட்டிய அந்த உரைநுட்பத்தை அரண்மனையிலிருந்தும் பாசறையிலிருந்தும் பெயர்த்துக் கடற்கரைக்குக் கொண்டுசென்றால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. நாம் எடுத்துக்கொண்ட கடற்கரை, திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு வரை நீண்டு, ஏரியும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நிலம் அது.

வாடை என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு சொல். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனப் பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பாடம் முடிந்ததும் வாடை நம் வாழ்விலிருந்து விலகிவிடுகிறது. வகுப்பில் இச்சொல்லைச் சொன்னால், மாணவர்களுள் பெரும்பாலோர் மூக்கைப் பிடிப்பார்கள். அவர்களுக்கு வாடை என்பது நாற்றம். குப்பங்களிலிருந்து வரும் ஓரிரு மாணவர்களுக்கே அது இன்னும் காற்றாக இருக்கிறது. (கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் என்று சொல்வாரும் உளர்.)

இனி, வேறொரு திசையிலிருந்து தொடங்குவோம். விண்ட்சர்ஃபிங் எனப்படும் பாய்ப்பலகை விளையாட்டை வாசகர்கள் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாய்மரம், ஒரு பாய். சுக்கான் இல்லை. பாய்மரம் பலகையில் அசையாமல் ஊன்றப்பட்டதன்று. எப்பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டின்மேல் நிற்பது. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றைவிட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். நிற்பவன் தன் உடலைக் காற்றின் பக்கமாகப் பின்னோக்கி எறிந்து, கைகளால் பாயைத் தாங்கிக்கொண்டிருக்கும் வரைதான் எல்லாம். அவன் கைவிட்டால் பாய் நீரில் விழும். ஆக, அந்தக் கலத்தில் கயிறு செய்ய வேண்டிய வேலையையும் சுக்கான் செய்ய வேண்டிய வேலையையும் மனித உடலே செய்கிறது. அமெரிக்காவில் 1960களில் உருப்பெற்று, ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்னும் இருவர் பெயரில் காப்புரிமை பெற்ற இக்கலத்துக்கு முன்னோடிகள் உண்டா என்று பின்னாளில் வழக்குகள் நடந்தன. நியூமன் டார்பி 1964இல் இதையொத்த ஒன்றைச் செய்திருந்தார். இங்கிலாந்தில் பீட்டர் சில்வர்ஸ் என்பவர் 1958இல் சிறுவனாக இருந்தபோதே செய்தார் என்பது அந்நாட்டு நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. முதல் தங்கம் வென்றவர் ஒரு டச்சுக்காரர், ஸ்டீஃபன் வான் டென் பெர்க். பழவேற்காட்டைப் பற்றி எழுதும்போது டச்சுக்காரர் இப்படி எதிர்பாராத இடத்தில் எதிர்ப்படுவது நமக்கு வியப்பளிக்கவில்லை.

இவ்விளையாட்டின் கடுமையான வடிவம் குளிர்காலப் புயற்காற்றில் ஆடப்படுவது. 2013ஆம் ஆண்டு சனவரியில் அயர்லாந்தின் மேற்குக் கரையில், பியூஃபோர்ட் அளவையில் 10 என்னும் படியை எட்டிய காற்றில், தேர்ந்த சிலர் மட்டும் கடலில் இறங்கிப் போட்டியிட்டனர். மணிக்கு ஏறத்தாழ 90 முதல் 100 கிலோமீட்டர் வேகம் என்று கொள்ளலாம். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின்மீது விழும் விசை நான்கு மடங்காகும் என்பதை நினைவிற்கொண்டால், அங்கே உடல் எதை எதிர்த்து நின்றது என்பது விளங்கும். அவர்கள் கையிலிருந்த பாய், மெல்லிய காற்றில் ஏந்தும் பாயின் பாதியளவுகூட இராது.

இதைப் படித்தவுடன், 'இதெல்லாம் நம் மீனவர் அன்றே செய்ததுதானே, கட்டுமரம் இதற்குத் தாய் அல்லவா' என்று எழுதிவிடும் ஆசை தமிழாசிரியர்களாகிய நமக்கு எளிதில் எழும். அந்த ஆசையைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. கட்டுமரத்தின் பாய்மரம் மரத்தின் ஓரத்தில் ஊன்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டப்படுவது. சாயும் மூட்டு அதில் கிடையாது. ஷ்வைட்சரோ டிரேக்கோ சோழமண்டலக் கரையைப் பார்த்து எதையும் செய்ததற்குச் சான்றில்லை. சான்றில்லாத பெருமை நமக்கு வேண்டியதில்லை. ஏனெனில் சான்றுள்ள செய்தியே போதிய அளவு பெரிது.

அச்செய்தியைச் சொல்ல, இக்கரையில் வாடைக்காலம் பெரிய கப்பல்களை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. 1612இல் மயிலாப்பூர்ப் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். மறுஆண்டு கெல்ட்ரியா என்ற கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் பெயரும்வரை, டச்சுச் சோழமண்டலத்தின் தலைநகர் இச்சிற்றூரே. துணியும் வெடிமருந்தும், சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டிய அடிமைகளும் இங்கிருந்து கப்பலேறினர். ஆயினும் கப்பல்கள் ஊருக்குள் வரவில்லை. ஏரியின் முகத்துவாரத்தில் மணல் திட்டு. பெருங்கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் சிறு கலங்களில் போய் வர வேண்டும். இக்கரையில் அன்று பல இடங்களிலும் இதே நிலைதான். 1639இல் ஆங்கிலேயர் தேர்ந்துகொண்ட சென்னையிலும் துறைமுகம் கிடையாது. நங்கூரமிட்ட கப்பலுக்கு மறைப்பில்லாத கடற்கரையில், கிழக்கும் வடகிழக்கும் திறந்து கிடக்க, அக்டோபர் பிறந்தால் என்ன ஆகும்?

ஓடிப்போவதுதான் வழி. புனித ஜார்ஜ் கோட்டையில் அக்டோபர் 15ஆம் நாள் வாக்கில் கொடிமரத்தை இறக்குவது வழக்கமாயிற்று. கப்பல்களே, இனி இங்கே நில்லாதீர்கள் என்பது அதன் பொருள். டிசம்பர் நடுவில்தான் மீண்டும் கொடி ஏறும். ஆங்கிலப் போர்க்கப்பல்கள் பம்பாய்க்குப் போய்விடும். இலங்கையின் திருகோணமலைக்காக ஐரோப்பியர் அத்தனை முறை அடித்துக்கொண்டதற்கு இக்கரையின் வாடையே பெரிய காரணம். வங்கக்கடலின் இப்பக்கத்தில் எல்லாக் காலத்தும் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் அது ஒன்றே. 1782இல் அதைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேன்கூட, அவ்வாண்டு மழைக்காலத்தை ஆச்சே வரை சென்று கழித்தார்.

ஓடாதவர் கதையும் உண்டு. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே, கொள்ளையை ஏற்றுவதிலும் புதுச்சேரியோடு பூசலிடுவதிலும் நாளைக் கடத்தினார். அக்டோபர் நடுவில் ஓரிரவு வீசிய புயலில் அவருடைய கப்பல்கள் பல மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1761 சனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கடற்படைக்கும் அதே கதி. அங்கும் உயிரிழப்பு ஆயிரத்தைத் தாண்டியது. கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிய சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களை, பணி முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்தது. நூறு பீரங்கி தாங்கிய கப்பலுக்கு வாடை நெடியது என்பதில் ஐயமில்லை.

அந்த இரண்டு மாதங்களில் கடலோரத்தில் யார் இருந்தார்கள்?

கட்டுமரக்காரர்கள் இருந்தார்கள். சென்னைக்கு வந்துபோன ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதிய காட்சி ஒன்றுண்டு. அலை மிகுந்து மசூலாப் படகும் இறங்க முடியாத நாளில், ஓலையால் முடைந்த கூம்புக்குல்லாய் ஒன்றை அணிந்த மனிதர், அதனுள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, நாலைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவையின்மேல் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு வெளியேறுவார். அலை அவர்மேல் விழுந்து மூடும். மிதவையைவிட்டு அவர் தூக்கி எறியப்படுவார். நீந்திப் பிடித்து மீண்டும் ஏறுவார். கோட்டையின் கடிதம் கப்பலுக்குப் போய்ச் சேரும். கப்பலுடைந்து நீரில் தத்தளித்தோரைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் தருவதும் அக்காலத்து வழக்கம். பதக்கம் பெற்றவர் பெயர்கள் கப்பல் தலைவர்களின் பெயர்களைப் போல நமக்கு எட்டாமற்போனது வரலாற்றின் வழக்கமான ஓரவஞ்சனை.

இது வீரக்கதையாக மட்டும் நின்றுவிடக்கூடாது. இதில் ஒரு கலநுட்பம் இருக்கிறது. கப்பல் நீரை உள்ளே வரவிடாமல் தடுக்கும் கலம். உள்ளிருக்கும் வெற்றிடத்தால் அது மிதக்கிறது. நீர் உள்ளே புகுந்தால் தொலைந்தது. கட்டுமரத்துக்கு உள் என்று ஒன்றே கிடையாது. அலை அதன் மேலாகவும் இடுக்குகளின் வழியாகவும் புகுந்து வெளியேறிவிடும். அது மூழ்குவதற்கு வழியில்லை, கவிழலாம், அவ்வளவே. ஆணி அடியாமல் கயிற்றால் கட்டுவதால் அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுக்கும். கரை சேர்ந்ததும் பிரித்து உலர வைக்கலாம். காற்றில் பக்கவாட்டாக நழுவாதிருக்க, மரங்களின் இடுக்கில் பலகை ஒன்றைச் செருகி நீருக்குள் இறக்குவார்கள். சுக்கானுக்குப் பதில் துடுப்பு. முக்கோணப் பாயின் நெசவுக்கண்கள் அடைபட்டுக் காற்றைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அதன்மேல் நீரை வாரி இறைப்பார்கள். பாயைத் தூக்கும் கயிறு ஆஞ்சான். பாயின் முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். பாய் தொங்கும் குறுக்குக் கழி பருமல். இச்சொற்களைத் தமிழ் அகராதியில் இன்றும் காணலாம். சாயும் மூட்டு ஒன்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், பாய்ப்பலகையும் இதே குடும்பத்துக் கலம்தான்: உள் இல்லாத மிதவை, அதன்மேல் நனைந்தபடி நிற்கும் மனிதர், காற்றுக்கு எதிராக அவர் உடலின் எடை.

பெயர் விவகாரத்தில் நமக்கு நேர்ந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் இக்கரையின் கட்டுமரத்தை விவரித்தார். சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. 1876இல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கக் கலவினைஞர் இரட்டை உடல் கொண்ட பாய்க்கலம் ஒன்றைச் செய்து போட்டியில் மற்றவற்றை முந்தினார். அதன்பின் இரட்டை உடல் கலங்களெல்லாம் அப்பெயரையே பூண்டன. நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் கிடையாது. உலகம் முழுதும் வழங்கும் தமிழ்ச்சொற்களுள் ஒன்று என நாம் பெருமிதத்தோடு காட்டும் சொல், தவறான பொருளின்மேல் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு. இரட்டைக் கலத்துக்குப் பொருத்தமான பழம்பெயர் சங்காடம். பெரிப்ளூஸ் நூலாசிரியர் இக்கரையில் கண்டதாகச் சொல்லும், மரங்களைப் பிணைத்த 'சங்கரா' என்னும் பெருங்கலத்தோடு அறிஞர் சிலர் ஒப்பிடுவதும் இச்சொல்லைத்தான்.

உடலின் எடையைக் காற்றுக்கு எதிராக நிறுத்துவது என்றோமே, அதன் முழு வளர்ச்சியைக் காண இங்கிருந்து தெற்கே பாக் நீரிணைப் பக்கம் போக வேண்டும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியக் கலங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில், கோடிக்கரை, முத்துப்பேட்டைப் பக்கத்துக் கலங்களை விவரிக்கிறார். அகலமில்லாத உடல், அதற்குத் தாங்கமுடியாத அளவு பாய். கலத்தின் குறுக்கே நீண்ட பலகை ஒன்று காற்றுப் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று ஏற ஏற, ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக அப்பலகையின்மேல் நகர்ந்து நீருக்கு மேலே போய் உட்கார்வார்கள். இலங்கைக் கரையில் புறமிதவை கட்டிய ஓடங்களைப் பற்றி, காற்றின் வலிமையையே ஆட்கணக்கில் சொல்வார்கள் என ஆங்கிலேயர் குறித்துள்ளனர்: ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று. பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி, கப்பல் எத்தனை பாயைத் தாங்கும் என்பதைக் கொண்டு காற்றை அளந்தார். இவர்களோ எத்தனை மனிதரை வெளியே அனுப்ப வேண்டும் என்பதைக் கொண்டு அளந்தார்கள். வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்று 66ஆம் பாட்டில் சோழர் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டதாகப் புகழப்படுகிறான். மேற்சொன்ன பலகைக்காரர்களை எண்ணும்போது, அரசனுக்கு உரியதாகச் சொல்லப்பட்ட அப்புகழில் அவர்களுக்கும் பங்குண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

மீண்டும் பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரி பரந்தது, ஆனால் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவே. நீளவாக்கில் வடக்கிலிருந்து தெற்காகக் கிடப்பதால், வாடை முழு நீளத்தையும் தடையின்றித் தடவி வரும். நீரைத் தென்கோடிக்குத் தள்ளிக் குவிக்கும். பெரும் அலை எழ இடமில்லாத ஆழமற்ற நீரும் நிலையான காற்றும் சேர்ந்த இத்தகைய இடத்தைப் பாய்ப்பலகைக்காரர்கள் உலகெங்கும் தேடித் திரிகிறார்கள். நமீபியாவின் லூடரிட்சில் இதற்கெனவே ஒரு கால்வாய் வெட்டி, அதில் 2015இல் ஆந்துவான் அல்போ 53.27 நாட் வேகத்தை எட்டினார். மணிக்கு 98 கிலோமீட்டருக்கும் அதிகம். இலங்கையின் கற்பிட்டிக் காயலும் இராமேசுவரக் கரையும் காற்று விளையாட்டுகளால் இன்று பெயர்பெற்றுள்ளன. பழவேற்காட்டுக்கும் அவை வரலாமே என்று கேட்போர்க்கு நம் விடை, வரவேண்டாம் என்பதே. ஏரி பறவைகள் சரணாலயம்; வாடை வீசும் அதே மாதங்களில்தான் பூநாரைகள் அங்கே வந்து நிற்கின்றன. மேலும் 2011 டிசம்பர் 25ஆம் நாள், அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய உல்லாசப் படகு முகத்துவாரத்தருகே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அவ்வூர் மறக்கவில்லை.

ஏரியில் விளையாட்டல்லாத பாய்கள் இருந்தன. மழைக்கால வெள்ளம் முகத்துவாரத்தைத் திறக்கும். கடல்நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். கடல் கொந்தளித்துக் கிடக்கும் வாடைக்காலத்தில் ஏரியே சோறு போட்டது. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறை வைக்கும் 'பாடு' என்னும் ஏற்பாடு இதற்காகவே உண்டானது. வாடைக்கு முதுகைக் கொடுத்தால் தெற்கே போகலாம். திரும்பி வர, காற்றைக் குறுக்கே வெட்டி வளைந்து வளைந்து வர வேண்டும். அரசிக்கும் அரசனுக்கும் தனித்தனியே உரியவாக உரையாசிரியர் பிரித்த நெடுமையும் நன்மையும் இவர்களுக்கு ஒரே நாளின் போக்கும் வரவுமாக இருந்தன.

1980களுக்குப் பின் இயந்திரம் வந்தது. கட்டுமரத்திலேயே பின்புறம் பொருத்தினார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. கட்டுமரம் விரைவாக அருகியது. இதைக் குறை சொல்லும் உரிமை, வாடையில் துடுப்புப் போட்டறியாத நமக்கு இல்லை. இயந்திரம் உயிரைக் காத்தது, நேரத்தை மிச்சப்படுத்தியது, டீசல் கடனையும் கூடவே கொணர்ந்தது. ஏரியில் பாய் முற்றிலும் மறைந்துவிட்டது என்பதற்கில்லை. ஒட்டுப்போட்ட பாயுடன் ஒன்றிரண்டு தோணிகள் தென்படுவதுண்டு. ஆனால் ஆஞ்சான், தாமான் என்ற சொற்களைக் கையில் கயிறோடு கற்றவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் பேரப்பிள்ளைகளில் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் காட்டுப்பள்ளிக்கும் ஒப்பந்தப் பணிக்குப் போகிறார்கள்.

எண்ணூரில் 2001இல் துறைமுகம் திறக்கப்பட்டது. காட்டுப்பள்ளித் துறைமுகம் அடுத்து வந்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கண்டு அஞ்சிய திறந்த கரையில் இப்போது கல்சுவர்களுக்குள் கப்பல்கள் வாடைக்காலத்திலும் நிற்கின்றன. அச்சுவர்களுக்கு வடக்கே கரை அரிக்கப்படுவதாகவும், முகத்துவாரம் மணலால் அடைபடுவதாகவும் பழவேற்காட்டு மீனவர் தொடர்ந்து முறையிட்டு வருகின்றனர். தூர்வாரி, இருபுறமும் கல்சுவர் அமைத்து முகத்துவாரத்தை நிலைப்படுத்தும் பணியை அரசு அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது. 2016 டிசம்பர் 12இல் வர்தாவும், 2023 டிசம்பரில் மிக்ஜாமும் இக்கரையை உலுக்கின. அந்நாட்களில் எந்தப் படகும் இறங்கவில்லை. எச்சரிக்கை செயற்கைக்கோளிலிருந்து வந்தது. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. முன்பு கோட்டையில் கொடிமரத்தை இறக்கினார்கள். இப்போது துறைமுகத்தில் கூண்டை ஏற்றுகிறார்கள்.